திக்கும் நாலு வயசுப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை: சிட்னி வழியா, லண்டன் வழியா, சும்மா இருப்பதா?

என் பையன் திக்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது அவனுக்கு மூன்று வயது எட்டு மாதம். முந்தின நாள் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் தோசைத் தட்டை நீட்டி "ச ச ச ச சட்னி" என்றான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்து நான் சிரித்தும்விட்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. இரண்டு வாரம் போனதும் அது வேறு மாதிரி ஆனது. வாயைத் திறந்தபடி சத்தமே வராமல் நிற்பான், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான், காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவான், அப்புறம்தான் வார்த்தை வெளியே வரும்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அத்தை, அதாவது என் மாமியார், வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். பக்கத்து வீட்டு அக்கா, நாக்கு கீழே ஒட்டியிருக்கும், டாக்டரிடம் காட்டி லேசாக வெட்டிவிடு என்றார். குழந்தை டாக்டர் ஐந்து வயசுக்குள் தானாகப் போய்விடும், கண்டுகொள்ளாதீர்கள் என்று அனுப்பிவிட்டார். சிட்னியில் இருக்கும் என் தங்கை, "இங்கெல்லாம் லிட்கோம்ப்தான்கா, வேற எதையும் தொடாத" என்றாள். லண்டன் பக்கம் இருக்கும் என் ஓரகத்தி, "பாலின் முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுல குழந்தையைத் திருத்தவே மாட்டாங்க, அதைப் பாரு" என்றார். ஒரே பிள்ளை, ஒரே திக்கல், நாட்டுக்கு ஒரு மருந்து!

நான் ஸ்பீச் தெரபிஸ்ட் இல்லை. ஒன்றரை வருஷம் இதைப் படித்து, இரண்டு முறைகளை வீட்டில் செய்து பார்த்த ஒரு திருச்சிக்காரி, அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் ஆறு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு. பள்ளிக்கூடம் முடிக்கப்போகும் பிள்ளைக்கோ பெரியவர்களுக்கோ கணக்கே வேறு.

முதலில் வசம்பையும் நாக்கையும் முடித்துவிடலாம். திக்கும் பிள்ளையைப் பாடச் சொல்லிப் பாருங்கள். "நிலா நிலா ஓடி வா" பெரும்பாலும் ஒரு தடங்கல் இல்லாமல் வரும். நாக்கில் கோளாறு என்றால் பாட்டிலும் அல்லவா தெரிய வேண்டும்? திக்கல் என்பது பேச்சுக்கான அசைவுகளை மூளை நேரத்துக்கு அடுக்கிக் கொடுப்பதில் வரும் சிக்கல், பரம்பரைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. நாங்கள் முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) மெழுகுவத்தி ஊதச் சொன்னார்கள், கண்ணாடி முன் நாக்கைச் சுழற்றச் சொன்னார்கள், மூன்று மாதம் வாரம் இரண்டு தடவை. பையன் பிறந்தநாள் மெழுகுவத்தியை நன்றாக ஊதக் கற்றுக்கொண்டான், வேறொன்றும் நடக்கவில்லை.

சரி, இனி நிஜமான தேர்வுகள்.

முதலாவது, காத்திருப்பது. இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், கையில் இருக்கும் புள்ளிவிவரம் இதற்குத்தான் பலம் சேர்க்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எஹுட் யாயிரியும் நிக்கோலின் ஆம்ப்ரோஸும் திக்க ஆரம்பித்த சின்னப் பிள்ளைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். நான்கில் மூன்று பேருக்கு அது சில வருஷங்களில் தானாகவே போய்விட்டது. நிற்காத அந்த நாலாவது பிள்ளை யார் என்று முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் சில அடையாளங்கள் உண்டு. ஆண் பிள்ளையா, குடும்பத்தில் பெரியவராகியும் திக்குகிற யாராவது இருக்கிறார்களா, மூன்றரை வயசுக்குப் பிறகு தொடங்கியதா, வருஷம் ஒன்று ஆகியும் குறையாமல் இருக்கிறதா. என் வீட்டுக்காரரின் சித்தப்பா அறுபத்திரண்டு வயதிலும் போனை எடுத்து "ஹலோ" சொல்ல முடியாமல் வைத்துவிடுவார். முதல் மூன்றும் எங்களுக்குப் பொருந்தின. அதனால் எங்களுக்கு இது ஒத்துவராது என்று முடிவு செய்தேன். பெண் குழந்தை, இரண்டரை வயது, வீட்டில் யாருக்கும் இல்லை என்றால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

ஆனால் காத்திருப்பது வேறு, "கண்டுகொள்ளாதீர்கள்" என்பது வேறு. இந்தக் கண்டுகொள்ளாதீர்கள் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அமெரிக்காவின் அயோவாவில் போய் நிற்கிறது. அங்கே வெண்டெல் ஜான்சன் என்ற பேராசிரியர், தானும் திக்குபவர், குழந்தையின் வாயில் திக்கல் தொடங்குவதில்லை, பெற்றவர்களின் காதில்தான் தொடங்குகிறது என்ற கருத்தைப் பரப்பினார். சாதாரணத் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டுத் திக்குவாய் என்று பெயர் வைப்பதால்தான் அது திக்குவாயாகிறதாம். 1939-ல் அவருடைய மாணவி மேரி டியூடர் டேவன்போர்ட்டில் ஓர் அனாதை இல்லத்தின் 22 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் உனக்குத் திக்கல் வருகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகள் திக்குவாயர்கள் ஆகவில்லை, பேசப் பயந்து ஒடுங்கிப்போனார்கள். பல்கலைக்கழகம் 2001-ல் மன்னிப்புக் கேட்டது, 2007-ல் அயோவா அரசு 9,25,000 டாலர் இழப்பீடு கொடுத்து வழக்கை முடித்தது.

இதே கூட்டத்திலிருந்து வந்த இன்னொரு கதையையும் சொல்லாமல் போக மனசில்லை. ஐடஹோ பகுதியில் வாழும் பானக், ஷோஷோனி பழங்குடியினரிடம் திக்கலே இல்லை, அவர்கள் மொழியில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை, பெயர் வைக்காததால்தான் நோயும் இல்லை என்று நாற்பதுகளில் எழுதிவைத்தார்கள், அது பல வருஷம் பாடப்புத்தகங்களிலும் ஓடியது. 1983-ல் அந்த மொழிகள் தெரிந்தவர்கள் போய் விசாரித்தால் சொற்கள் நிறைய இருக்கின்றன, திக்குபவர்களும் இருக்கிறார்கள். வெளியாள் கேட்ட கேள்வி அவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். நம்மிடம் வந்து கேட்டிருந்தால் திக்குவாய், தெத்துவாய், கொன்னை என்று வரிசையாகச் சொல்லி அனுப்பியிருப்போம்.

இரண்டாவது, லிட்கோம்ப். இது சிட்னியின் ஒரு புறநகர்ப் பகுதியின் பெயர். எண்பதுகளில் மார்க் ஆன்ஸ்லோவும் உடன் இருந்தவர்களும் அங்கே உருவாக்கியது. அயோவாக்காரர்கள் சொன்னதற்கு நேர் எதிர் இது. திக்கலைப் பற்றிப் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசு, ஆனால் பேச வேண்டியது தெரபிஸ்ட் இல்லை, பெற்றவர். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாட்டாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். திக்காமல் வந்த வாக்கியத்தை உடனே பாராட்ட வேண்டும். எப்போதாவது ஒரு தடவை, திக்கியதை "இப்ப கொஞ்சம் முட்டிக்கிச்சு இல்ல?" என்று லேசாகச் சொல்லலாம், இன்னொரு தடவை சொல்கிறாயா என்று கேட்கலாம். திருத்துவதைவிடப் பாராட்டுப் பல மடங்கு இருக்க வேண்டும், அதுதான் விதி. தினமும் இரவு அன்றைய திக்கலுக்கு 0 முதல் 9 வரை ஒரு மார்க் போட வேண்டும், 0 என்றால் திக்கவே இல்லை. வாரம் ஒரு முறை தெரபிஸ்டைப் பார்ப்பது. மார்க் அடிமட்டத்துக்கு வந்த பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் இடைவெளி விட்டு விட்டுத் தொடர்வது.

ஆதாரம் என்று பார்த்தால் இதற்குத்தான் அதிகம். 2005-ல் நியூசிலாந்தில் 54 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று. ஒன்பது மாதம் கழித்து, லிட்கோம்ப் செய்த பிள்ளைகள் நூறு அசைக்கு சராசரி 1.5 இடத்தில் திக்கினார்கள், மற்றவர்கள் 3.9 இடத்தில். வீடியோ காலில் செய்தாலும் நேரில் செய்ததற்குச் சமமாக வருகிறது என்று 2016-ல் ஆஸ்திரேலியாவிலேயே பார்த்துவிட்டார்கள். நல்ல தெரபிஸ்ட் உள்ளூரில் கிடைக்காத நமக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது, பாலின். மைக்கேல் பாலின் பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர், அவருடைய அப்பா கடுமையாகத் திக்குபவர். 1988-ல் ஒரு படத்தில் அவர் திக்குகிற ஆளாக நடித்தார், அதைத் தொடர்ந்து 1993-ல் லண்டனில் அவர் பெயரில் பிள்ளைகளுக்கான மையம் திறந்தது. அங்கே வளர்ந்த முறையில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுக்கிறார்கள். அதை அவர்களுக்கே போட்டுக் காட்டி, உங்கள் பிள்ளைக்கு எது உதவுகிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்கிறார்கள். வீட்டில் வாரத்தில் சில நாள் ஐந்தே ஐந்து நிமிடம் "தனி நேரம்": டிவி இல்லை, போன் இல்லை, பிள்ளை சொல்கிற விளையாட்டு, பிள்ளை போகிற வேகம். ஆறு வாரம் மையத்தில், அப்புறம் ஆறு வாரம் வீட்டில் தாங்களாகவே. பிள்ளையின் பேச்சைத் திருத்துவது கிடையாது.

நெதர்லாந்தில் நாலாவது ஒன்று இருக்கிறது, ரீஸ்டார்ட் என்பார்கள். பிள்ளையால் முடிவது எவ்வளவு, நாம் கேட்பது எவ்வளவு என்ற தராசை நேராக்குவது அதன் சாரம், நடைமுறையில் பாலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் இழுத்து வந்ததற்குக் காரணம் 2015-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு. 199 பிள்ளைகள், பாதிக்கு லிட்கோம்ப், பாதிக்கு ரீஸ்டார்ட். பதினெட்டு மாதம் கழித்து லிட்கோம்ப் பக்கம் 76.5 சதவீதம் பேருக்குத் திக்கல் இல்லை, ரீஸ்டார்ட் பக்கம் 71.4 சதவீதம். அந்தச் சின்ன இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியதுதான் என்றார்கள். ஒருவர் திக்கலைப் பற்றிப் பேசு என்கிறார், மற்றவர் பேச்சைத் தொடாதே சூழ்நிலையை மாற்று என்கிறார், முடிவு ஏறக்குறைய ஒன்று! தங்கையும் ஓரகத்தியும் வாட்ஸ்அப்பில் போட்ட சண்டை எனக்கு அன்றோடு தீர்ந்தது. ரிசல்ட்டை வைத்துத் தேர்வு செய்ய முடியாது, எந்த முறையை என் வீடு தாங்கும் என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

இங்கேதான் வெளிநாட்டுக் கையேடு எதிலும் எழுதாத விஷயங்கள் வருகின்றன. அந்தக் கையேட்டில் வீடு என்றால் ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு பிள்ளை. எங்கள் வீட்டில் ஆறு பேர். பையன் நாளெல்லாம் பேசுவது தாத்தாவோடு, நான் பேங்கிலிருந்து வர மணி ஏழாகும். லிட்கோம்பை நான் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் "ஒழுங்கா சொல்லு", "மூச்ச இழுத்துட்டு நிதானமா சொல்லு", "திருப்பிச் சொல்லு" என்று மாமா (என் மாமனார்) ஏற்கெனவே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர், வேறெப்படிச் சொல்வார்? இந்த வீட்டில் "திருத்தலாம், ஆனால் எப்போதாவது" என்று ஒரு முறையைக் கொண்டுவந்தால் திருத்துவது மட்டும்தான் மிஞ்சும்.

பாராட்டும் சிக்கல்தான். ஆஸ்திரேலிய அம்மாக்கள் நிமிடத்துக்கு ஒரு சபாஷ் போடுவார்கள் போல, நமக்கு அது வருவதில்லை. பிள்ளையை முகத்துக்கு நேராகப் பாராட்டினால் அத்தைக்குப் பொறுக்காது, "போதும் போதும், கண்ணு பட்டுரும்" என்பார், பின்னாளில் நாங்கள் லிட்கோம்ப் ஆரம்பித்தபோது சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் தூங்கினார்.

அப்புறம் வார்த்தை. அவர்கள் தடங்கலில்லாத பேச்சுக்கு வழவழப்பு என்று பொருள் வரும் ஒரு சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். தமிழில் "வழவழன்னு பேசின" என்றால் அது திட்டு, வழவழா கொழகொழா! "சரளமா" என்றால் நாலு வயசுக்குப் புரியாது. கடைசியில் பார்க்கில் இருக்கும் சறுக்கு மரம்தான் கைகொடுத்தது, "சறுக்குப் பேச்சு", "முட்டுப் பேச்சு" என்று வைத்துக்கொண்டோம், பெயர் வைத்தது பையனே.

மார்க் போடுவதிலும் நம் மொழி கொஞ்சம் குறும்பு செய்யும். "வா வா", "சின்னச் சின்ன", "சரி சரி", "மெதுமெதுவா" எல்லாம் நாம் சாதாரணமாகவே இரட்டித்துச் சொல்கிறவை. சிட்னி தங்கை பையனின் வீடியோவை அங்கே தனக்குத் தெரிந்த ஒரு தெரபிஸ்டிடம் காட்டியபோது, தமிழ் தெரியாத அந்தப் பெண்மணி "குடு குடு குடுன்னு ஓடுச்சும்மா" என்பதை முழுக்கத் திக்கல் கணக்கில் எழுதிவிட்டாராம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் சொல்கிறேன், வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள தெரபிஸ்டிடம் போகும்போது வீட்டு மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது, நம் பிள்ளையின் திக்கல் எது, தமிழ் எது என்று பிரித்துச் சொல்ல. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் திக்கல் வருவதில்லை, தாத்தா பாட்டியோடு பேச்சு நின்றுபோவதுதான் மிச்சம்.

பாலினுக்கும் நம் வீட்டில் தடை இல்லாமல் இல்லை. ஐந்து நிமிடம் தனி நேரம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஹாலில் சீரியல் ஓடும், படுக்கையறைக் கதவைச் சாத்தினால் "என்ன ரகசியம்" என்று குரல் வரும். நாங்கள் மொட்டை மாடிக்குப் போனோம். வீடியோவைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் பையனிடம் இருபத்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறேன். "இது என்ன கலர்? எத்தனை சக்கரம்? இங்கிலீஷ்ல என்ன? யார் வாங்கிக் கொடுத்தா?" அவன் பாவம் காரை உருட்டவே இல்லை, பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இது நம் ஊர் வியாதி, பிள்ளையோடு பேசுவது என்றால் வைவா நடத்துவது. வீட்டுக்கு யார் வந்தாலும் "அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லு" வேறு.

இதனால்தான் நான் பாலின் பக்கம் போனேன். எங்கள் வீட்டில் குறைக்க வேண்டியதே நிறைய இருந்தது, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்னால். சென்னையில் இருக்கும் ஒரு தெரபிஸ்ட் வீடியோ காலில் நடத்தினார். மாமாவையும் ஒரு நாள் உட்காரவைத்து வீடியோ எடுத்தோம். எதுவும் சொல்லாமல் தன்னைத் தானே பார்த்தார், அன்றிலிருந்து "திருப்பிச் சொல்லு" பாதியாகக் குறைந்தது, நாங்கள் யாரும் சொல்லி நடக்காதது. ஆரம்பத்தில் வாரச் சராசரி 6 இருந்தது (மார்க் போடும் பழக்கத்தை மட்டும் லிட்கோம்பிலிருந்து கடன் வாங்கியிருந்தேன்), பன்னிரண்டு வாரத்தில் 3 ஆனது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அங்கேயே நின்றது. அப்போது அவனுக்கு நாலரை வயது, யூகேஜி வரப்போகிறது. அதே தெரபிஸ்டிடம் பேசி லிட்கோம்புக்கு மாறினோம், வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்ட பிறகு அது ஓடியது. இப்போது பெரும்பாலும் 0 அல்லது 1. காய்ச்சல், கல்யாண வீடு, ஊர்ப் பயணம் என்றால் 3.

எந்த முறையால் குறைந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே போகிறது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், இவன் அந்த மூன்றில் ஒருவனாகவும் இருக்கலாம். வசம்பால்தான் போனது என்று அத்தை இன்னும் நம்புகிறார்.

உங்கள் வீட்டுக்கு எது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். தொடங்கி ஆறு மாதம் ஆகவில்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, பிள்ளை அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை என்றால் காத்திருங்கள், ஆனால் தினம் ஒரு மார்க் எழுதிக்கொண்டு காத்திருங்கள், மூன்று மாத நோட்டைப் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்களுக்கே தெரியும். பிள்ளை பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு "ஒண்ணுமில்ல" என்கிறது, முகத்தை முறுக்குகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கூட்டு வீடு, ஆளாளுக்குத் திருத்துகிற வீடு, அதட்டுகிற வீடு என்றால் பாலினில் தொடங்குங்கள். சின்னக் குடும்பம், பிள்ளையோடு முழு நாளும் இருக்கும் ஒரு பெரியவர், பொறுமையாகப் பாராட்ட வருகிறவர் என்றால் நேரே லிட்கோம்ப். ஆறு வயதை நெருங்குகிறது என்றாலும் இழுக்காமல் லிட்கோம்ப்தான், அதற்கு மேல் போகப் போகத் தானாகச் சரியாகும் வாய்ப்பும் குறைகிறது, வகுப்பில் கேலியும் ஆரம்பிக்கிறது.

ஆளைத் தேடுவது பற்றி ரெண்டு வார்த்தை. பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு) படித்திருக்க வேண்டும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். பணம் கட்டி வராது என்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் டி.ஈ.ஐ.சி. (பிள்ளைகளின் குறைகளைச் சின்ன வயதிலேயே கவனிக்கும் மையம்) என்று போர்டு போட்ட பிரிவைக் கேளுங்கள், 2013-ல் வந்த பிள்ளைகள் நலத் திட்டத்தின் கீழ் வருகிற பிரிவு, அங்கே ஸ்பீச் தெரபிஸ்ட் பணியிடம் உண்டு. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, ஒரு முறை போய் முழுசாகப் பரிசோதித்து வருகிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. யாராக இருந்தாலும் முதல் நாளே ஒரு கேள்வி: "வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" மேலே சொன்ன மூன்று முறைகளிலும் வேலையில் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், வாரம் ரெண்டு நாள் கொண்டுவந்து விட்டுட்டுப் போங்க" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள், உள்ளே மெழுகுவத்தி இருக்கும்.

முந்தாநாள் பள்ளி ஆண்டு விழா ஒத்திகை. பையனுக்கு பாரதியார் வேஷம், ஒரே ஒரு வரி. "நா நா நா" என்று மூன்று தடவை முட்டினான், மிஸ் உதவிக்கு வாயெடுத்தார், நான் தூரத்தில் இருந்து கையால் வேண்டாம் என்று காட்டினேன். அவனே நின்று, "நான்தான் பாரதி" என்று முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டான். இரவு நோட்டில் 2 என்று எழுதினேன்.